அத்தை உடைத்த விதைக்கூடை

அந்தக் கூடையின் வாயை அடைத்திருந்த சாணிப்பூச்சில் ஒரு கையின் தடம் பதிந்திருந்தது. நான்கு விரல்கள் நேராக, கட்டைவிரல் மட்டும் சற்று விலகி. பூச்சு ஈரமாக இருந்தபோது அழுத்திய கை என் மைத்துனனுடையது. கூடை அடுப்புக்கு நேர் மேலே, புகை படும் இடத்தில் கயிற்றில் தொங்கும். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிட்டவர், காலையில் அடுப்பு மூட்டும்போது அதை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். சாயங்காலம் உலை வைக்கும்போது இன்னொரு முறை. மற்றவர்கள் கவனித்திருப்பார்களா என்று தெரியவில்லை. எதைக் கண்டாலும் எண்ணிவிடுகிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. வகுப்பில் பிள்ளைகளின் தலையை எண்ணுவேன். வீட்டில் அரிசிப் பானைக்குள் கையை விட்டு எத்தனை பிடி தேறும் என்று பார்ப்பேன். படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளை மூன்று முறை தொட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. என் மனைவி இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அத்தை ஒருவர்தான் சிரிக்காதவர். கல்யாணமான புதிதில், மலைமேல் அவர் வீட்டில் தங்கியபோது, தாழ்ப்பாளைப் பார்க்க நான் எழுந்தால் அவர் படுத்த இடத்திலிருந்தே சொல்வார்: "கதவு சாத்தியாச்சுங்க மாப்ள. நானும் எந்திரிச்சுப் போயி ஒருக்காத் தொட்டுப் பாத்துட்டேன்." உண்மையிலேயே எழுந்து போய்ப் பார்த்திருப்பார். என் பயங்களை யாரும் அதுவரை அப்படி மதித்ததில்லை. எனக்கு அம்மா முகம் நினைவில்லை. அதனால்தானோ என்னவோ, மாமியார் வீட்டுக்குப் போகிற மற்ற ஆண்கள் போல் விறைப்பாக உட்கார எனக்கு வரவில்லை. சுட்ட பலாக்கொட்டையை அவர் தோலுரித்து என் பக்கம் நகர்த்தி வைப்பார். நான் எண்ணிக்கொண்டே தின்பேன்.

நானும் மலையில் பிறந்தவன்தான். ஆனால் சிறுவனாக இருக்கும்போதே அப்பா என்னை அடிவாரத்தில் படிக்க விட்டுவிட்டார். படித்து முடித்து அங்கேயே முள்ளுக்குறிச்சியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியரானேன். பெண் கட்டியது ஆலத்தூர் நாடு என்கிற மலைப்பகுதியில், சரிவில் இருந்த ஒரு சிற்றூரில். மனைவிக்கு ஒரே அண்ணன். அப்பா இல்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் சேர்க்கிறார்கள் என்று கங்காணி ஒருவன் மலையேறி வந்தான். அந்தச் சிற்றூரிலிருந்து சில இளைஞர்கள் போனார்கள். அதில் என் மைத்துனனும் ஒருவன். தை மாதம் சாமை அறுவடை முடிந்ததும், அடுத்த விதைப்புக்கான சாமையைப் பொறுக்கி, சாம்பலும் நொச்சித் தழையும் கலந்து கூடையில் கொட்டி, வாயைச் சாணியால் பூசி, அதன்மேல் கையை வைத்து அழுத்திவிட்டுப் போனான். "ஆனிக்கு வந்துருவேன், நானே ஒடச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அதன்பிறகு ஒரு சேதியும் வரவில்லை.

அந்த விதைக்கூடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. அந்த ஊரில் விதை பூசி வைத்த ஆண்தான் அதை உடைக்க வேண்டும். ஆனி மாதத்தில் முதல் விதைப்பு நாளன்று மாரியம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடுவார்கள். ஊர்க்கவுண்டர் வீட்டு வரிசைப்படி ஒவ்வொருவன் பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குரியவன் "வந்தேனுங்க" என்று சொல்லிக் கூடையோடு முன்னால் போய் உடைப்பான். வெளியூர் போனவனுக்காக அவன் தாயோ மனைவியோ "வாரானுங்க" என்று சொல்வார்கள். அவன் கூடை உடையாமல் வீட்டிலேயே தொங்கும். வேறு கை அதைத் தொடாது. அவன் செத்துப்போனால் மட்டும் அந்த விதையை யாரும் விதைப்பதில்லை. காரியத்தன்று அதைக் குத்தி, உப்பில்லாமல் ஆக்கி, உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வாய் தின்பார்கள். அதாவது, ஒருவன் விதை உலையில் ஏறினால் அவன் போய்விட்டான் என்று அர்த்தம். என் மைத்துனன் போனபின் இரண்டு ஆனி கடந்திருந்தது. இரண்டிலும் அத்தை "வாரானுங்க" என்று சொல்லியிருந்தார்.

கீழே எங்கள் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோயிருந்தது. கூப்பன் கடையில் விடியுமுன்பே வரிசை நிற்கும். கிடைப்பது புழுத்த குருணை. அதுவும் சில வாரம் இல்லை என்று கதவைச் சாத்திவிடுவார்கள். வகுப்பில் நான் எண்ணுகிற தலைகள் குறைந்துகொண்டே வந்தன. எங்களுக்கு அப்போது ஒரே மகள். நான்கு வயது. மாசியில் அவளுக்கு வந்த காய்ச்சல் விட்டாலும் உடம்பு தேறவில்லை. கை மணிக்கட்டை என் இரண்டு விரலுக்குள் அடக்கிவிடலாம். முதலில் பசி பசி என்று அழுதவள், பிறகு அழுவதை நிறுத்திவிட்டாள். அழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அந்தப் பிள்ளையைக் கண்டு எனக்கு வந்த பயத்துக்கு எந்தத் தாழ்ப்பாளும் போதவில்லை.

"மேல போலாமுங்க. அம்மா ஊட்ல சாமை இருக்கும்" என்றாள் மனைவி. கீழே இருந்த எல்லோருக்கும் அந்த நினைப்புத்தான். மலையில் தானியம் குதிர் குதிராகக் கிடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை, விடியலிலேயே கிளம்பினோம். திங்கட்கிழமை மணியடிக்குமுன் நான் பள்ளியில் இருக்க வேண்டும். மகளைத் தோளில் வைத்துக்கொண்டேன். அந்தத் தோள் வலிக்கவே இல்லை என்பதுதான் வழி முழுக்க என்னை உறுத்தியது. மனைவி இரண்டு கோணிப்பைகளை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். அப்போது மலைக்கு ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அத்தை வாசலில் நின்றிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் குரல் பழைய குரல்தான்.

"வாங்க மாப்ள. வா சாமி. ஏனுங், கோணி ரெண்டு கொண்டாந்திருக்கீங்களாட்ட இருக்குது? ஒண்ணுல என்னயப் போட்டுக் கட்டிட்டுப் போறதுக்குங்களா?"

"உன்னயத் தூக்கறதுக்கு அவருக்குத் தெம்பேது? புள்ளையத் தூக்கறதுக்கே மூச்சு வாங்குது" என்றாள் மனைவி.

"அப்ப ரெண்டு கோணியிலயும் காத்தப் புடிச்சுக் கட்டித் தாரேன். மலக்காத்து, ஒடம்புக்கு நல்லது."

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மனைவி உள்ளே போய்க் குதிரின் வயிற்றில் விரலை மடக்கித் தட்டினாள். வெற்றுச் சத்தம் கேட்டது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அத்தை கதையை மெதுவாகத்தான் சொன்னார். மழை பொய்த்தது. வந்த கொஞ்சமும் கதிர் முற்றும்போது காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. பரண்மேல் இரவெல்லாம் உட்கார்ந்து சத்தம் கொடுத்து விரட்ட வீட்டில் ஆண் இல்லை. இவரே இரண்டு இரவு உட்கார்ந்திருக்கிறார். "எஞ்சத்தத்துக்குப் பன்னி பயப்படுமாங்க? கூட ரெண்டக் கூட்டியாருது." அக்கம்பக்கத்தில் கேட்கலாமே என்றேன். "எல்லா ஊட்லயும் கெழங்குதானுங்க மாப்ள. அவங்கவங்க வெதை ஒண்ணுதான் மிச்சம். அதப் போயிக் கேக்க முடியுங்களா?"

அன்றைக்குச் சாப்பாடு காட்டுக்கிழங்கு. தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தால்தான் அதன் கசப்பு போகும். ஒரு பலாப்பிஞ்சையும் அரிந்து வேகவைத்திருந்தார். நானும் மனைவியும் தின்றோம். அத்தை, "நான் அப்பவே தின்னாச்சுங்க" என்றார். மகள் இரண்டு வாய் தின்றாள். சற்று நேரத்தில் அத்தனையையும் கக்கிவிட்டாள். அத்தை அவள் வாயைத் துடைத்து, முதுகைத் தடவி, மடியில் போட்டுக்கொண்டார். மற்ற நாளென்றால் என்னோடு பேச அவருக்கு நூறு விஷயம் இருக்கும். அன்று பிள்ளையின் காலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளை நிற்க வைத்துப் பார்த்தோம். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடி, "அம்மாயி, சோறு" என்றாள். எங்கள் வீட்டில் அவள் சோறு கேட்பதை விட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று அந்தச் சிறு மனசுக்குத் தெரிந்துபோயிருந்தது. இங்கே கிடைக்கும் என்று நம்பிக் கேட்டாள்.

அத்தை எழுந்தார். மர உரலைப் புரட்டிக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, கூடையின் கயிற்றை அவிழ்த்தார். மனைவி ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்ன பண்ற நீ? அதத் தொடாத."

"உடு கண்ணு. உளுந்துருவேன்."

"அண்ணன் வந்து எங்கூடை எங்கன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?"

"கேக்கட்டும். திட்டட்டும். திட்டறதுக்காச்சும் வரட்டும்."

"ஊரு அவனச் செத்தவன்னு சொல்லிப்போடும்மா!"

அத்தை கூடையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. படித்தவன் என்கிற உரிமையில், ஆறுதலாகத்தான், சொன்னேன்: "அத்தை, விதையும் தானியந்தானே. இதை ஆக்குவதால் அவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. நான் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அதே பார்வை.

"அப்டிச் சொல்லாதீங்க மாப்ள. வெறும் சாமையா இருந்திருந்தா இத்தன நாள் உட்டு வெச்சிருப்பனா? நேத்து நீங்க வந்ததுமே ஆக்கிப் போட்டிருப்பேன்."

பூச்சின்மேல் இருந்த தடத்தில் தன் கையை வைத்தார். மகன் கை பெரியது. இவர் விரல்கள் அதற்குள் அடங்கிவிட்டன. பிறகு கையை எடுத்துவிட்டு அரிவாளின் முதுகால் ஓங்கி ஒரு அடி. காய்ந்த சாணி பொடிப்பொடியாகச் சிதறியது. அதைக் கூட்டி அள்ளி, மற்றக் குப்பையைப் போலவே அடுப்பில் போட்டார்.

சாமையைப் புடைத்துச் சாம்பலைப் போக்கி, உரலை நிமிர்த்திக் குத்தத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் வீடுகள் நெருக்கமானவை. எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். குதிர் காலியான வீட்டிலிருந்து உலக்கைச் சத்தம் வந்தால் எதைக் குத்துகிறார்கள் என்று யாரும் கேட்டு அறிய வேண்டியதில்லை. மனைவியும் அதை நினைத்திருக்க வேண்டும். "மெதுவாக் குத்தும்மா" என்றாள். அத்தை மெதுவாகக் குத்தவில்லை.

உலை கொதித்து இறக்கும் நேரத்துக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஐந்து பேர், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு. முன்னால் வந்தவர் பக்கத்து வீட்டுக்காரி. அவர் மகனும் அஸ்ஸாமுக்குப் போனவன்தான். "போயிட்டானா என் ராசா!" என்று வாசலிலேயே மார்பில் அடித்துக்கொண்டார்.

அத்தை அகப்பையோடு வெளியே வந்தார். "யாருடி போனது? எம்மவனுக்கு அழுகறதுக்கு உங்களையெல்லாம் யாரு கூப்புட்டது?"

"வெத ஒலையில ஏறுனா என்ன அர்த்தமுன்னு எங்களுக்குத் தெரியாதா அக்கா? சேதி வந்துதா?"

"ஒரு சேதியும் வர்ல. எம்பேத்தி பசிங்கறா. ஆக்குனேன்."

பக்கத்து வீட்டுக்காரியின் அழுகை சட்டென்று நின்றது. முகம் மாறியது. "ஒரு பொட்டப்புள்ள பசிக்கா ஆம்பள வெதையில கைய வெச்ச? உசுரோட இருக்கறவனுக்கு நீயே கருமாதி பண்ணிப்போட்டியே!"

"பண்ணுல. உப்புப் போட்டுத்தான் ஆக்கியிருக்கறேன். கருமாதிச் சோத்துல உப்பு இருக்குமாடி? வேணுமுன்னா உள்ள வா, ஒரு வாய் தின்னு பாரு. பாத்துட்டுத் தலைய முடிஞ்சுக்கிட்டு ஊடு போயிச் சேரு."

யாரும் உள்ளே வரவில்லை. ஆனால் உடனே போகவும் இல்லை. சோற்று மணம் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. அவர்களும் பசித்தவர்கள்தான். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

மகள் தின்றாள். அத்தை ஊதி ஊதிக் கொடுத்தார். முதலில் கொஞ்சமாக, பொறுத்து இன்னும் கொஞ்சமாக. இந்த முறை வயிறு ஏற்றுக்கொண்டது. மனைவி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "தின்னு கண்ணு. நீ திங்காம அழுதின்னா அது கருமாதிச் சோறாயிரும்" என்றார் அத்தை. அவள் தின்றாள். கண்ணீர் தட்டில் விழாமல் முந்தானையால் பிடித்துக்கொண்டே தின்றாள். எனக்கும் போட்டார். உப்பு சற்று அதிகம். அத்தை கையில் உப்பு ஒருநாளும் கூடியதில்லை. எல்லோரும் தின்று முடித்தபிறகும் அத்தை வாயில் ஒரு பருக்கை போகவில்லை என்பதை நான் கவனித்தேன். 

கிளம்பும்போது மிச்ச சாமையைக் கோணிப்பையில் கொட்டினார். பையின் ஒரு மூலைக்குத்தான் வந்தது. "புள்ளைக்கு மட்டும் ஆக்கிக் குடுங்க. கஞ்சியா வெச்சா அதிக நாளுக்கு வரும். சுனைத்தண்ணிய அப்டியே குடுத்தராதீங்க." பிறகு அவரே சிரித்து, "உங்களுக்கு நான் சொல்லோணுங்களா?" என்றார். பாதை திரும்பும் இடத்தில் நான் பார்த்தேன். எங்களைப் பார்த்து நின்றவர், சற்று நேரத்தில் முகத்தைத் திருப்பி, வடக்கே, மகன் போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் பிழைத்துவிட்டாள். அந்தச் சாமைக்கஞ்சி தீரும்போது அவளால் நடக்க முடிந்தது. பிறகு கூப்பன் கடையில் கேழ்வரகும் வரத் தொடங்கியது. ஆனியில் முதல் விதைப்பு சனிக்கிழமை வருகிறது என்று கேள்விப்பட்டு நான் மட்டும் மலையேறினேன். ஆண் இல்லாத வீட்டுக்கு மருமகனாக ஒரு கை உதவலாம் என்று மனைவியிடம் சொன்னேன். கோயில் முன்னால் என்ன நடக்குமோ என்ற பயந்தான் என்னை இழுத்துக்கொண்டு போனது.

கோயில் முன்னால் கூடையோடு நின்ற ஆண்களை எண்ணினேன். கல்யாணமான ஆண்டில் எண்ணியதற்குப் பாதிகூட இல்லை. ஊர்க்கவுண்டர் கூப்பிடத் தொடங்கினார். வந்தேனுங்க, வந்தேனுங்க, வாரானுங்க, வந்தேனுங்க. அத்தை பெண்கள் பக்கம் முதல் வரிசையில் நின்றிருந்தார். துவைத்த சேலை, வாரிய தலை. அவர் வீட்டு முறை வந்தது. ஊர்க்கவுண்டர் தரையைப் பார்த்தார். அடுத்த வீட்டு மகன் பெயரைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரி "வாரானுங்க" என்றார்.

"ஏனுங் கவுண்டரே, ஒரு பேர உட்டுட்டீங்க" என்றார் அத்தை.

ஊர்க்கவுண்டர் வயதானவர், கெட்டவர் அல்ல. சொல்ல வருத்தப்பட்டுத்தான் சொன்னார். "கூடை இல்லாதவனை எப்டிம்மா கூப்புடறது?"

"உப்புப் போட்டுத்தான் ஆக்குனேனுங்க."

"உப்புப் போட்டாலும் போடாட்டியும் வெத போச்சில்லம்மா. ஊரு மொறைய நான் மாத்த முடியுமா?"

 அத்தை பெண்கள் வரிசையிலிருந்து விலகி, ஊர்க்கவுண்டர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மகன் பெயரைத் தானே கூப்பிட்டார். காட்டுக்குப் போனவனைச் சோறு தின்னக் கூப்பிடுகிற மாதிரி, நீட்டிக் கூப்பிட்டார். கூப்பிட்டபிறகுதான் அவருக்கே தெரிந்தது போலும், கூப்பிட்டவரே பதிலும் சொல்ல முடியாது என்று. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது. 

"வாரானுங்க" என்றேன் நான்.

ஊர்க்கவுண்டர் என்னைப் பார்த்தார்.  அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் வந்தார்கள், பக்கத்து வீட்டு மகன் வந்தான். என் மைத்துனன் எங்கே பிரிந்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று ஊரில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். அத்தை கேட்கவில்லை. ஒவ்வோர் ஆனியிலும் விதைப்பு எந்தக் கிழமையில் வந்தாலும் நான் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மலையேறினேன். ஊர்க்கவுண்டர் அந்தப் பெயரைத் தாண்டிப் போவார். அத்தை கூப்பிடுவார். நான் சொல்வேன். ஊரும் பழகிவிட்டது. அந்த இடம் வந்ததும் ஊர்க்கவுண்டர் எங்களுக்காகச் சற்று நிறுத்தி நிற்பார்.  அத்தையின் குரல் ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே வந்ததைக் கவனித்தேன்.

இப்போது மலைக்கு பஸ் போகிறது. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணினேன், எழுபது. பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, இருந்தாலும் எண்ணினேன். என் மகளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பங்குனி ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவில்லை. நான் சொன்னதால் தெரியும், அவ்வளவுதான்.

அத்தை இறந்தது ஒரு சித்திரையில். அந்த ஆண்டு ஆனியிலும் போனேன். கோயில் முன்னால் வழக்கமான இடத்தில் நின்றேன். அந்த வீட்டு முறை வந்தபோது ஊர்க்கவுண்டர் பழக்கத்தில் நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூப்பிட ஆளில்லை. கூப்பிடாத பெயருக்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.